கவுன்சில் மூலம் கேர் ஹோம் இடம்: குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடுமையான ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மூளைக் காயம், நீண்டகால மனநோய் இவற்றோடு வாழும் வளர்ந்த பிள்ளையை அல்லது கூடப்பிறந்தவரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் நிறைய. மொழி உதவிக்கும் துணைக்குமாக அவர்களோடு கவுன்சில் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக்குச் சட்டம் வேறு. இங்கிலாந்தில் எல்லாவற்றுக்கும் அடிப்படை 2014-ஆம் ஆண்டின் கேர் ஆக்ட். அது 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

கேர் ஹோம் எல்லாம் கவுன்சில்தான் நடத்துதா?

பெரும்பாலும் இல்லை. இன்று இருக்கும் இல்லங்களில் பெரும்பகுதியைத் தனியார் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் நடத்துகின்றன. உங்கள் பிள்ளைக்கு என்ன தேவை என்று மதிப்பிடுவது, அதைத் தரக்கூடிய இல்லத்தைத் தேடி விலை பேசி ஒப்பந்தம் போடுவது, பிறகு எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது, இவைதான் கவுன்சிலின் வேலை. இதைத்தான் கூட்டங்களில் 'கமிஷனிங்' என்கிறார்கள்.

இல்லம் தனியாருடையது என்பதால் கவுன்சிலின் பொறுப்பு கைமாறிவிடாது. கவுன்சில் ஏற்பாடு செய்த இடத்தில் இருப்பவர் விஷயத்தில் அந்தத் தனியார் இல்லமும் மனித உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று கேர் ஆக்ட்டின் 73-ஆம் பிரிவு சொல்கிறது.

எங்கட கவுன்சில் எது எண்டே விளங்கேல்லை. குப்பை எடுக்கிற கவுன்சிலோட கதைக்கிறதா?

லண்டனில் ஆம். ஹாரோ, பிரென்ட், நியூஹாம், ரெட்பிரிட்ஜ் என்று நீங்கள் குடியிருக்கும் பரோதான். வெளியே சில இடங்களில் குப்பைக்கு ஒரு கவுன்சில், பராமரிப்புக்கு இன்னொன்று. கென்ட் போன்ற இடங்களில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலை விட்டுவிட்டுக் கவுண்டி கவுன்சிலைக் கேட்க வேண்டும். 'அடல்ட் சோஷியல் கேர்' பிரிவுக்குப் போன் செய்து, பராமரிப்புத் தேவை மதிப்பீடு வேண்டும் என்று சொன்னால் போதும். ஜி.பி. கடிதம் கட்டாயமில்லை. தேவை இருப்பதாகத் தோன்றினாலே மதிப்பீடு செய்வது கவுன்சிலின் கடமை. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அந்தக் கட்டத்தில் கேள்வியே அல்ல.

'கொம்ப்ளெக்ஸ் நீட்ஸ்' எண்டு எழுதியிருக்கினம். அது என்ன வருத்தம்?

அது ஒரு நோயின் பெயர் அல்ல, சட்டத்தில் அதற்கு வரையறையும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பிரச்சினைகள் பின்னிக் கிடக்கின்றன, சாதாரண இல்லத்தின் சாதாரண ஊழியர் எண்ணிக்கை இவருக்குப் போதாது என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள். ஆட்டிசத்தோடு வலிப்பு, கற்றல் குறைபாட்டோடு தன்னைத்தானே அடித்துக்கொள்வது, மூளைக் காயத்தோடு குடிப்பழக்கம் என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தச் சொல் காகிதத்தில் இருப்பதால் மட்டும் கூடுதல் உரிமை எதுவும் கிடைக்காது. அதன் கீழே என்ன விவரம் எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

டாக்டர் ரிப்போர்ட் கையில இருக்கு. அது போதாதா, எதுக்குத் தனியா அசெஸ்மெண்ட்?

போதாது. தகுதியைத் தீர்மானிப்பது நோயின் பெயர் அல்ல. 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி மூன்று விஷயம் பார்க்கிறார்கள். தேவை உடல் அல்லது மனக் குறைபாட்டால், நோயால் வருவதா? பட்டியலிலுள்ள பத்து விஷயங்களில் இரண்டோ அதற்கு மேலோ அவரால் செய்ய முடியவில்லையா? அதனால் அவருடைய நல்வாழ்வு குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படுகிறதா? சாப்பிடுவது, குளிப்பது, கழிப்பறை, உடை, வீட்டைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது, உறவுகளைப் பேணுவது, வெளியே போய்வருவது போன்றவை அந்தப் பத்தில் வரும்.

ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள். அம்மா சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தால் செய்கிறார் என்றால், சட்டத்தின் கண்ணில் அது 'முடியாது' என்றுதான் கணக்கு. உதவி இல்லாமல் செய்ய முடியுமா என்பதே கேள்வி. செய்தாலும் கடுமையான வலியோடு, ஆபத்தோடு, அல்லது வழக்கத்தைவிட மிக அதிக நேரம் எடுத்துச் செய்கிறார் என்றாலும் அப்படித்தான்.

வீட்டில நடக்கிற எல்லாத்தையும் சோஷியல் வேர்க்கருக்குச் சொல்ல வேணுமா? வெக்கமாக் கிடக்கு.

சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பின்னால் வரும் இல்லம், ஊழியர் எண்ணிக்கை, பணம் எல்லாம் இந்த மதிப்பீட்டில் எழுதப்படும் வரிகளிலிருந்துதான் பிறக்கின்றன. நம் குடும்பங்கள் வழக்கமாக என்ன செய்கின்றன? சோஷியல் வொர்க்கர் வரும் நாளில் வீட்டைத் துப்புரவாக்கி, பிள்ளையைக் குளிப்பாட்டி, தேநீர் கொடுத்து, 'கொஞ்சம் கரைச்சல்தான், நாங்கள் சமாளிக்கிறம்' என்று சொல்லி அனுப்புகிறோம். காகிதத்தில் ஏறுவது: 'சுயபராமரிப்புக்கு ஓரளவு உதவி தேவை. குடும்பம் நன்றாகச் சமாளிக்கிறது.'

அதே வீட்டின் உண்மை நிலவரம் இப்படி இருக்கும்: மகனுக்கு 24 வயது. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழும்புகிறான். கேஸ் அடுப்பின் திருகுகளைக் கழற்றி அப்பா தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறார். குளிக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே போனால் நாயைக் கண்டதும் ரோட்டுக்குக் குறுக்கே ஓடுவான். அம்மாவின் முன்கையில் கடித்த தழும்புகள். இதில் ஒவ்வொன்றும் காகிதத்தில் ஏற வேண்டும். கூட்டத்துக்கு முன் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் நேரம் போட்டு எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு எழும்பினான், யார் எழும்பினார்கள், மறுபடி படுக்க எவ்வளவு நேரமானது. இரவுகளை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். இதை மறைத்தால் பாதிக்கப்படுவது அவன்தான். இவ்வளவு கவனிப்பு தேவை என்று தெரியாத இல்லத்துக்குப் போய்ச் சில மாதங்களில் திருப்பி அனுப்பப்படுவான்.

எனக்கு இங்கிலீஷ் வராது. மகளைக் கூட்டிட்டுப் போகலாமா?

துணைக்கு வரட்டும், மொழிபெயர்க்க வேண்டாம். கவுன்சிலிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அவர்கள் செலவில் ஏற்பாடு செய்வார்கள். அண்ணனுடைய கழிப்பறைப் பழக்கத்தைப் பதினைந்து வயதுத் தங்கையின் வாயால் சொல்ல வைப்பது யாருக்கும் நல்லதல்ல, அவள் பாதியை விழுங்கியும் விடுவாள். பராமரிப்பு தேவைப்படுபவருக்கே நடப்பதைப் புரிந்துகொள்வதில் கணிசமான சிரமம் இருந்து, அவருக்காகப் பேசத் தகுந்தவர் யாரும் இல்லையென்றால், கேர் ஆக்ட்டின் 67-ஆம் பிரிவின்படி இலவசமாக ஒரு 'அட்வகேட்'டை (வழக்கறிஞர் அல்ல, அவர் சார்பில் பேசும் துணையாளர்) கவுன்சில் நியமிக்க வேண்டும்.

'சப்போர்ட்டட் லிவிங்' எண்டு சொல்லினம். அது கேர் ஹோம்தானே?

இல்லை. கேர் ஹோமில் இடமும் பராமரிப்பும் ஒரே ஒப்பந்தம். சப்போர்ட்டட் லிவிங்கில் உங்கள் பிள்ளை வாடகைக் குடியிருப்பாளர். வீட்டு உரிமையாளர் ஒருவர், பராமரிப்பு தருபவர் பெரும்பாலும் வேறொருவர். வாடகைக்கு ஹவுசிங் பெனிஃபிட் கிடைக்கும், மற்ற உதவித்தொகைகளும் பெரும்பாலும் கையில் நிற்கும், சட்டப்படி குடியிருப்புப் பாதுகாப்பும் உண்டு. கேர் ஹோமில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கவுன்சில்கள் சப்போர்ட்டட் லிவிங்கை விரும்புவதற்குச் சுதந்திரம் ஒரு காரணம், வாடகைச் சுமை உதவித்தொகைப் பக்கம் போவது இன்னொரு காரணம். இரண்டையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். எத்தனையோ பேருக்கு அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் இரவு முழுக்க ஆள் விழித்திருக்க வேண்டிய ஒருவருக்கு, இரவு ஊழியர் யார், எங்கே இருப்பார் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வராமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மதிப்பீடு முடிஞ்சுது. இனி இல்லத்தை ஆர், எப்படித் தேடுறது?

சோஷியல் வொர்க்கர் தேடுவார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான கவுன்சில்களில் அதற்குத் தனியாக ஒரு குழு இருக்கும். 'புரோக்கரேஜ்' அல்லது 'பிளேஸ்மென்ட்ஸ்' என்று பெயர். மதிப்பீட்டிலிருந்து பெயர் நீக்கிய ஒரு சுருக்கத்தைத் தயாரித்து, இடம் இருக்கக்கூடிய இல்லங்களுக்கு அனுப்புவார்கள். ஆர்வமுள்ள இல்லத்தின் மேலாளர் வந்து உங்கள் பிள்ளையை நேரில் பார்த்துத் தன் மதிப்பீட்டைச் செய்வார். பிறகு 'எடுக்கிறோம், இத்தனை ஊழியர், இவ்வளவு பணம்' என்று பதில் வரும். அந்தச் சுருக்கத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பல பக்க மதிப்பீடு ஓரிரு பக்கமாகும்போது எது விழுந்துபோயிற்று என்று பெற்றோருக்குத்தான் உடனே தெரியும்.

இல்லங்களோடு கவுன்சில் ஒப்பந்தம் செய்யும் வழிகள் சில உண்டு. தரமும் விலையும் முன்பே பார்த்துச் சேர்த்த பட்டியல் ஒன்று, அதை 'ஃபிரேம்வொர்க்' என்பார்கள். ஓர் இல்லத்தில் சில படுக்கைகளை மொத்தமாக வாங்கி வைத்திருப்பது 'பிளாக்' ஒப்பந்தம். பட்டியலில் பொருத்தமானது இல்லாதபோது இந்த ஒருவருக்காக மட்டும் தனியாகப் பேசுவது 'ஸ்பாட்'. சிக்கலான தேவை உள்ளவர்களுக்கு ஸ்பாட் முறை சகஜம். பிளாக் ஒப்பந்தத்தில் படுக்கை காலியாகக் கிடந்தாலும் பணம் போய்க்கொண்டே இருக்கும், ஆகவே அதை நிரப்பத்தான் முதலில் பார்ப்பார்கள். முதலில் காட்டப்படும் இடம் அப்படிப்பட்டதாக இருந்தால், 'மதிப்பீட்டிலுள்ள எந்தத் தேவையை இந்த இல்லம் எப்படி நிறைவேற்றும்?' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அங்கே ஏற்கெனவே இருப்பவர்களோடு ஒத்துப்போகுமா என்றும் கேளுங்கள். சத்தம் தாங்காத ஒருவரை எப்போதும் கத்தும் ஒருவருக்குப் பக்கத்து அறையில் விட்டால், எவ்வளவு நல்ல ஊழியர்கள் இருந்தும் பயனில்லை.

வாரத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் பவுண்டு எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ? ஏன் அவ்வளவு?

உண்மை, அதற்கு மேலும் போகும். பெரும்பகுதி ஊழியர் சம்பளம். நாள் முழுக்க ஒருவருக்கு ஒருவர் என்றால் வாரம் 168 மணி நேரம். ஒரு ஊழியர் வாரம் 37½ மணி வேலை செய்தால், நாலரை ஆள் வேண்டும். விடுமுறை, சுகவீனம், பயிற்சி சேர்த்தால் ஐந்துக்கு மேல் போய்விடும். உங்கள் ஒரு பிள்ளைக்கு மட்டும் அத்தனை பேர்.

கணக்குக்காக மணிக்கு 22 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 168 மணிக்கு 3,696 பவுண்டு. பகலில் 14 மணி நேரம் மட்டும் தனி ஆள், இரவில் எல்லாருக்கும் பொதுவான ஊழியர் போதும் என்று காகிதம் சொன்னால், அது 98 மணி, 2,156 பவுண்டு. வித்தியாசம் வாரம் 1,540, வருடத்துக்கு 80,000 பவுண்டு. இரவைப் பற்றிய ஒரு வரி இவ்வளவு கனம். இரவிலும் 'விழித்திருக்கும் ஊழியர்' வேறு, 'தூங்கிக்கொண்டு தேவைப்பட்டால் எழும்பும் ஊழியர்' வேறு. தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் கட்டாயமில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2021-ல் தீர்ப்பளித்ததால் இரண்டாவது மிகவும் மலிவு. கொப்பியில் இரவு நேரங்களை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

இல்லம் கேட்ட விலையைக் கவுன்சில் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. எத்தனை மணி பொது ஊழியர், எத்தனை மணி தனி ஊழியர், நிர்வாகச் செலவு, இலாபம் என்று பிரித்துக் கேட்கும். 'கேர்கியூப்ட்' போன்ற கணினிக் கருவிகளில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும். அந்தப் பிரிப்பின் ஒரு பிரதி உங்கள் கையிலும் இருக்கட்டும். பிற்பாடு 'தனி ஆள் எங்கே?' என்று கேட்க அதுதான் ஆதாரம்.

எல்லாம் சரி எண்ட பிறகு 'பேனல் ஓகே சொல்லேல்லை' எண்டினம். ஆர் இந்தப் பேனல்?

கவுன்சிலின் மூத்த மேலாளர்கள் கூடிச் செலவை அனுமதிக்கும் கூட்டம். நீங்கள் அதில் உட்கார முடியாது. ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். கேர் ஆக்ட்டுக்கான அரசின் வழிகாட்டுக் குறிப்பு, பராமரிப்புத் திட்டத்தைத் திருத்துவதற்காகவோ பணக் காரணத்துக்காக மட்டுமோ பேனல்களை வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. தேவை தகுதியுடையது என்று கவுன்சிலே எழுதிவிட்டால், அதை நிறைவேற்றுவது 18-ஆம் பிரிவின் கீழ் கடமை. 'பட்ஜெட் இல்லை' என்பது அந்தக் கடமையைத் தள்ளிவிடாது. ஒரே தேவையை நிறைவேற்ற இரண்டு நல்ல வழிகள் இருந்தால் மலிவானதைத் தேர்ந்தெடுக்கக் கவுன்சிலுக்கு உரிமை உண்டு. வாதத்தை அங்கேதான் வைக்க வேண்டும்: மலிவான வழி உண்மையிலேயே அந்தத் தேவையை நிறைவேற்றுமா?

மறுப்பை வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள்.

எங்களுக்குப் பிடிச்ச ஹோம் ஒன்னு இருக்கு. அதையே கேட்க முடியுமா?

முடியும். தேவைக்குப் பொருந்த வேண்டும், இடம் இருக்க வேண்டும், கவுன்சிலின் நிபந்தனைகளுக்கு இல்லம் சம்மதிக்க வேண்டும், பெர்சனல் பட்ஜெட்டுக்குள், அதாவது அவருடைய பராமரிப்புக்குக் கவுன்சில் கணக்கிட்ட தொகைக்குள், அடங்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் நீங்கள் கேட்ட இடத்தைத் தர வேண்டும், அது வேறு கவுன்சில் பகுதியில் இருந்தாலும் சரி. பட்ஜெட்டைத் தாண்டினால் உறவினர் ஒருவர் மீதியைக் கட்டலாம். அதுதான் 'டாப்-அப்'.

டாப்-அப் விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவதைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. பட்ஜெட்டுக்குள் பொருத்தமான ஓர் இடமாவது உண்மையில் காலியாக இருப்பதைக் கவுன்சில் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கூடுதல் செலவு கவுன்சிலுடையது, உங்களுடையது அல்ல. இல்ல மேலாளர் நடைபாதையில் நிறுத்தி 'வாரம் நூறு பவுண்டு சேர்த்துத் தாருங்கள்' என்று கேட்டால் உடனே சம்மதிக்காதீர்கள், கவுன்சிலிடம் போங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் டாப்-அப் கிடையாது. கையெழுத்துப் போட்டவரின் வேலை நாளைக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வீட்டை வித்துக் கட்டச் சொல்லுவினமோ?

உங்கள் வீட்டை இல்லை. பராமரிப்பு பெறுபவரின் சொத்தும் வருமானமும் மட்டுமே கணக்கு. பெற்றோரின் வீடு, சம்பளம், சேமிப்பு எதையும் தொட முடியாது. அவருடைய பெயரில் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவருடையது. 14,250-க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடமாட்டார்கள். இடையில் இருந்தால் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் வருவதாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். வாழ்நாள் செலவுக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு வருகிறது என்று முன்பு பேச்சு இருந்தது. அந்தத் திட்டம் 2024 ஜூலையில் கைவிடப்பட்டது.

சிக்கல் வருவது வேறு இடத்தில். அன்பினால் பிள்ளையின் பெயரில் வீட்டில் பங்கு எழுதி வைத்தவர்கள், சேமிப்புக் கணக்கு தொடங்கியவர்கள் உண்டு. அது அவருடைய சொத்தாகிவிடும். அந்த வீட்டில் அவருடைய துணைவரோ 60 வயது தாண்டிய உறவினரோ வசித்தால் வீட்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக இப்போது அவசரமாகப் பெயர் மாற்றினால், அது இன்னும் அவரிடமே இருப்பதாகக் கருத முடியும். முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பிப் காசு நிக்குமா?

பிப் என்பது உடல், மனக் குறைபாடு உள்ளவருக்கு அரசு தரும் உதவித்தொகை. கவுன்சில் பணம் கட்டும் கேர் ஹோமில் 28 நாளுக்குப் பிறகு அதன் 'டெய்லி லிவிங்' (அன்றாட வாழ்க்கை) பகுதி நின்றுவிடும். 'மொபிலிட்டி' (நடமாட்டம்) பகுதி தொடரும், அதைக் கவுன்சில் எடுக்கவும் கூடாது. டெய்லி லிவிங் நின்றால் அவரைப் பார்ப்பதற்காக நீங்கள் வாங்கும் கேரர்ஸ் அலவன்ஸும் நிற்கும், முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். மற்ற உதவித்தொகையில் பெரும்பகுதி கட்டணத்துக்குப் போகும். அவர் கைச்செலவுக்கு வாரம் 30 பவுண்டுக்குச் சற்று மேல் விட்டுவைக்க வேண்டும். அது அவருடைய பணம். சோப்பு, டயப்பர் வாங்க இல்லம் அதில் கைவைக்கக் கூடாது.

என்.எச்.எஸ். முழுக்கக் கட்டும் எண்டு ஒருத்தர் சொன்னார். பொய்தானே?

பொய் இல்லை. இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, 'கன்டினியூயிங் ஹெல்த்கேர்'. ஒருவருடைய தேவை முதன்மையாக மருத்துவத் தேவை என்று முடிவானால், சொத்து எவ்வளவு இருந்தாலும் என்.எச்.எஸ்.தான் முழுச் செலவையும் ஏற்கும். 2022 ஜூலை முதல் இதை முடிவு செய்வது என்.எச்.எஸ்.ஸின் உள்ளூர் அமைப்பான, உங்கள் பகுதியின் இன்டகிரேட்டட் கேர் போர்டு. முதலில் ஒரு செக்லிஸ்ட், தேறினால் பன்னிரண்டு தலைப்புகளில் விரிவான மதிப்பீடு. நடத்தை, அறிவாற்றல், மருந்து, சுவாசம், வலிப்பு போன்றவை அதில் வரும். ஏதாவது ஒன்றில் 'பிரயாரிட்டி' (மிக உயர்ந்த நிலை) அல்லது இரண்டில் 'சிவியர்' (அதற்கு அடுத்த நிலை) என்று வந்தால் பொதுவாகத் தகுதி உண்டு. படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு மட்டும்தான் இது என்பது தவறான எண்ணம். கடுமையான நடத்தைச் சிக்கல் உள்ள இளைஞர்களுக்கும் கிடைத்திருக்கிறது. கேட்காமல் இருந்துவிடாதீர்கள். முழுத் தகுதி இல்லையென்றாலும் கவுன்சிலும் என்.எச்.எஸ்.ஸும் செலவைப் பங்கிடலாம்.

இரண்டாவது வழி, மனநலச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு. 3-ஆம் பிரிவின் கீழ் மருத்துவமனையில் தடுத்துவைக்கப்பட்டு வெளியே வந்தவரின் மனநலப் பின்பராமரிப்புக்கு அவரிடம் ஒரு பென்ஸும் வாங்கக் கூடாது. கேர் ஹோம் அந்தப் பின்பராமரிப்பின் பகுதியாக இருந்தால் அதுவும் இலவசம். மருத்துவமனைக் காகிதத்தில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது, பாருங்கள். 2-ஆம் பிரிவு மட்டும் என்றால் இது பொருந்தாது.

நான் பெத்த தாய். நான் கையெழுத்து வைச்சாக் காணாதோ?

காணாது. இது பல தாய்மாரை நோகடிக்கும் பதில் என்று தெரியும். 18 வயதானதும் பெற்றோர் என்ற முறையில் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. 2005-ஆம் ஆண்டின் மென்டல் கெப்பாசிட்டி ஆக்ட்படி, அந்த முடிவை அவரே எடுக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அவருடைய நலனுக்கு ஏற்றதைத் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும், ஆனால் இறுதிச் சொல் தானாக உங்களுடையதாகிவிடாது. கடுமையாகக் கருத்து வேறுபட்டால் கோர்ட் ஆஃப் புரொடெக்ஷன் தீர்மானிக்கும். அந்த நீதிமன்றத்திடம் 'டெப்யூட்டி'யாக, அதாவது அவருக்காக முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவராக, நியமனம் பெறலாம். பண விஷயங்களுக்கு அந்த நியமனம் பெறுவது எளிது, பராமரிப்பு முடிவுகளுக்கு அரிதாகவே தருகிறார்கள்.

இல்லத்துக்குப் போனதும் 'டோல்ஸ்' என்று ஒரு கடிதம் வரும். பிள்ளையைச் சிறை வைக்கிறார்கள் என்று பயந்துபோய்க் கூப்பிடுவார்கள். தன் விருப்பத்துக்கு வெளியே போக முடியாத ஒருவரை அப்படி வைத்திருப்பது தேவைதானா என்று வெளியாட்கள் வந்து சரிபார்க்கும் ஏற்பாடு அது. அதிகபட்சம் ஒரு வருடம், பிறகு மறுபடி பார்க்க வேண்டும். அதில் நீங்கள் அவருடைய பிரதிநிதியாக இருக்கலாம். அந்த அனுமதியை எதிர்த்து வழக்குப் போட வருமானம் பார்க்காமலே லீகல் எய்ட் (வழக்குச் செலவுக்கான அரசு உதவி) கிடைக்கும்.

பிள்ளைக்குப் பதினேழு. பதினெட்டில என்ன மாறும்?

ஏறக்குறைய எல்லாமே. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்குப் போவார், கட்டணக் கணக்கும் வரும். கெப்பாசிட்டி விதிகள் 16 வயதிலேயே பொருந்தத் தொடங்கிவிடும். கேர் ஆக்ட்டின் 58-ஆம் பிரிவின்படி 18-க்கு முன்பே பெரியவர் பராமரிப்பு மதிப்பீட்டைக் கேட்கலாம். முடிவு வரும்வரை பழைய உதவியைத் துண்டிக்கக் கூடாது. பதினைந்து, பதினாறிலேயே கேட்கத் தொடங்குங்கள். பொருத்தமான இல்லம் கிடைக்கவே பல மாதங்கள் ஆகும்.

நாலு மணித்தியாலம் ஓடிப் போற தூரத்தில இடம் குடுத்திருக்கினம். பிறகு அந்த ஊர்க் கவுன்சில் பாக்குமோ?

இல்லை. உங்கள் கவுன்சில் அனுப்பி வைத்தால், எவ்வளவு தூரமானாலும் பொறுப்பும் செலவும் உங்கள் கவுன்சிலுடையதே. குடும்பமாக நீங்களே வேறு ஊருக்குக் குடிபோய் அவரையும் அழைத்துப் போனால்தான் புதிய கவுன்சில் பொறுப்பாகும். கவுன்சில்கள் இதில் ஒன்றையொன்று கைகாட்டும். நான்கு கவுன்சில்கள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், சிறுவனாக இருந்தபோது அவரை வளர்ப்புக் குடும்பத்தில் வைத்த வில்ட்ஷயர் கவுன்சிலே பொறுப்பு என்று 2015-ல் முடிவானது. தகராறு நடக்கும்போதும் ஏதாவது ஒரு கவுன்சில் பராமரிப்பைத் தந்துகொண்டே இருக்க வேண்டும்.

தூரத்தைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. பிரிஸ்டலுக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் அடித்து இழிவுபடுத்தப்பட்டதை 2011-ல் பி.பி.சி. பனோரமா வெளிக்கொண்டு வந்தது. பதினொரு ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். அங்கே ஒருவருக்கு வாரம் சராசரியாக 3,500 பவுண்டு பொதுப்பணம் போய்க்கொண்டிருந்தது. பலர் வீட்டிலிருந்து வெகு தொலைவில் இருந்தவர்கள், பணம் கட்டியவர்கள் போய்ப் பார்க்கவில்லை. ஆகவே தூர இடம் என்றால் கேளுங்கள்: கவுன்சிலிலிருந்து யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை நேரில் போவார்? எங்கள் பயணச் செலவுக்கு என்ன ஏற்பாடு? பக்கத்தில் இடம் வந்தால் மாற்றுவீர்களா? பதில்கள் பராமரிப்புத் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

நல்ல ஹோமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இல்லங்களைச் சோதித்துத் தரம் சொல்லும் அமைப்பான கேர் குவாலிட்டி கமிஷனின் அறிக்கையைப் படியுங்கள். 'அவுட்ஸ்டாண்டிங்', 'குட்', 'ரிக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட்', 'இன்அடிக்வேட்' என்று நான்கு தரம். தேதியையும் பாருங்கள், பழைய 'குட்' பெரிதாக எதையும் சொல்லாது. மேலாளர் எத்தனை வருடமாக இருக்கிறார், ஏஜென்சி ஊழியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருமுறை மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும்.

துன்புறுத்தல் சந்தேகம் வந்தால் இல்லம் இருக்கும் பகுதியின் கவுன்சிலுக்குச் சொல்லுங்கள். கேர் ஆக்ட்டின் 42-ஆம் பிரிவின் கீழ் விசாரிப்பது அவர்கள் கடமை. பணம் கட்டும் உங்கள் கவுன்சிலுக்கும் சொல்லுங்கள்.

மகன் சோறும் பருப்பும்தான் சாப்பிடுவான். தமிழ் மட்டும்தான் விளங்கும். இதையெல்லாம் கேக்க ஏலுமா?

கேட்க வேண்டும். மத, பண்பாட்டுப் பின்னணிக்கேற்ற நியாயமான உணவுத் தேவையை நிறைவேற்றுவது இல்லங்களுக்கான 2014-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. சலுகையாகக் கேட்காமல் மதிப்பீட்டில் தேவையாகவே எழுத வையுங்கள். 'இந்திய உணவு பிடிக்கும்' என்று எழுதினால் பொட்டலக் கறிதான் வரும். 'வெள்ளை அரிசிச் சோறு, தனியாகப் பருப்பு, கையால் சாப்பிடுவார், மாட்டிறைச்சி கூடாது' என்று எழுதுங்கள். மொழியும் அப்படித்தான். 'தண்ணி', 'நோகுது', 'மூத்திரம்' என்று அவர் பயன்படுத்தும் சொற்களை உச்சரிப்போடு பட்டியல் போட்டு, ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருப்பவர் கையில் கிடைக்கும்படி கொடுங்கள். வலியைச் சொல்லியும் யாருக்கும் விளங்காதபோதுதான் கடியும் அடியும் தொடங்குகிறது.

28 நாளில பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கடிதம் வந்திட்டுது. என்ன செய்றது?

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். இல்லம் கொடுக்கும் நோட்டீஸ் கவுன்சிலுக்கான வேலை. வேறிடம் கண்டுபிடிக்கும் கடமை அவர்களுடையது. ஏன் நோட்டீஸ் என்றும் கேளுங்கள். பலநேரம் பின்னணியில் இருப்பது விலைத் தகராறு. 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியமும் முதலாளிகளின் நேஷனல் இன்ஷூரன்ஸும் உயர்ந்த பிறகு, கவுன்சில் தரும் தொகை போதவில்லை என்ற வாக்குவாதம் பல இடங்களில் நடக்கிறது. அப்படியானால் பேசித் தீர்க்க வழியுண்டு. நிறுவனமே திவாலாகி மூடினால், யார் பணம் கட்டியிருந்தாலும் அந்தப் பகுதிக் கவுன்சில் தற்காலிகமாகப் பொறுப்பேற்க வேண்டும். ஏறத்தாழ 31,000 பேர் தங்கியிருந்த சதர்ன் கிராஸ் நிறுவனம் 2011-ல் சரிந்த அனுபவம்தான் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னணி.

அசைலம் கேஸ் முடியேல்லை. கேட்டால் கேஸ் பழுதாகுமோ?

குடிவரவு விதிகளில் 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்று பட்டியலிட்டவற்றில் கவுன்சிலின் சமூகப் பராமரிப்பு இல்லை. அதைப் பெறுவது விசா நிபந்தனையை மீறுவதாகாது. கோரிக்கை நிலுவையில் இருப்பவருக்கும் உண்மையான பராமரிப்புத் தேவை இருந்தால் கேட்கலாம். தங்க இடமும் பணமும் இல்லை என்பது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் விசா இல்லாதவர்களுக்கும் கட்டுப்பாடுகள் அதிகம். மனித உரிமை மீறப்படும் என்ற நிலையில்தான் உதவி கிடைக்கும். இவர்கள் முதலில் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போவது நல்லது.

கவுன்சில் மறுத்தால் எந்தக் கோட்டுக்குப் போறது?

இதற்கென்று தனி மேல்முறையீட்டு மன்றம் இல்லை. கேர் ஆக்ட்டில் அதற்கு இடம் ஒதுக்கியிருந்தும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. எனவே முதலில் கவுன்சிலுக்கே எழுத்தில் புகார். தீராவிட்டால் கவுன்சில் மீதான புகார்களை விசாரிக்கும் சுயாதீன அமைப்பான லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்புட்ஸ்மன், அது இலவசம், பொதுவாகப் பிரச்சினை தெரிந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும். பராமரிப்பே கிடைக்காமல் ஆபத்து என்றால் ஆம்புட்ஸ்மனுக்காகக் காத்திருக்காதீர்கள். கவுன்சிலின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் ஜுடிஷியல் ரிவ்யூவுக்கு மூன்று மாதம்தான் அவகாசம். வழக்கறிஞர் அனுப்பும் முதல் கடிதத்திலேயே தீர்ந்துபோகும் விவகாரங்கள் உண்டு. கன்டினியூயிங் ஹெல்த்கேர் மறுக்கப்பட்டால் பாதை வேறு: முதலில் அதே போர்டிடம் மறுபரிசீலனை, பிறகு என்.எச்.எஸ். இங்கிலாந்தின் சுயாதீனக் குழு.

எங்களுக்குப் பிறகு ஆர் பாக்கிறது?

எல்லாக் கூட்டமும் முடிந்து கார் பார்க்கிங்கில் கேட்கப்படும் கேள்வி இது. சட்டப்படி, கவுன்சிலின் கடமை பெற்றோரின் ஆயுளோடு முடிவதில்லை. தேவை இருக்கும்வரை தொடரும், வருடம் ஒருமுறையாவது திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் நீங்கள் திடீரென விழுந்த பிறகு நடக்கும் ஏற்பாடு அவசர ஏற்பாடாகத்தான் இருக்கும். எந்த இல்லத்தில் அன்று படுக்கை காலியோ அங்கே போவார். நீங்கள் நடமாடும்போதே இடம் பார்த்து, வார இறுதிகளில் போய்த் தங்கிப் பழக்கி, ஒரு வருடம் எடுத்து மாற்றுவது வேறு.

செய்ய வேண்டியவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் உயிலில் பிள்ளைக்கு நேரடியாகப் பணம் எழுதாமல், வழக்கறிஞர் மூலம் 'டிஸ்கிரிஷனரி டிரஸ்ட்' (பணத்தை வேறு சிலர் பொறுப்பில் வைத்து, அவர்கள் தீர்மானித்துப் பிள்ளைக்குச் செலவிடும் ஏற்பாடு) ஆக வையுங்கள். இல்லாவிட்டால் 23,250-ஐத் தாண்டும் பணம் கேர் ஹோம் கட்டணத்தில் கரைந்துவிடும். கூடப்பிறந்தவர்களில் ஒருவரை இப்போதிருந்தே ரிவ்யூக் கூட்டங்களுக்கு அழைத்துப் போங்கள், அவருடைய பெயரும் தொடர்பு எண்ணும் கவுன்சில் கோப்பில் ஏறட்டும். மூன்றாவது, அந்தக் கொப்பி. மதிப்பீட்டுக்காக எழுதத் தொடங்கியதை நிறுத்தாமல், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தச் சத்தம் பயம், அழுதால் எப்படி ஆற்றுவது என்று எழுதிக்கொண்டே போங்கள். ஒரு பிரதி இல்லத்துக்கு, ஒன்று கூடப்பிறந்தவருக்கு, ஒன்று சோஷியல் வொர்க்கருக்கு. ஒவ்வொரு ரிவ்யூவின்போதும் புதுப் பிரதி கொடுத்துப் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.